பழைய மாயாவி இதழ்கள் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, எனக்குக் காட்பாடி. மாங்கா என்னும் ஜப்பானியக் காமிக்ஸ் மட்டுமே படிக்கும் அக்கா மகனுக்காக, இரும்புக்கை மாயாவி என்ற காமிக்ஸ் நாயகனைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதுகிறேன். 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியுமே, அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ நிழலைக் கையாண்ட விதம் பற்றித்தான் நிறைய எழுத ஆசை. வெறும் நினைவை நம்பி எழுத மனம் வரவில்லை. என் பிரதிகள் வீடு மாறியபோது தொலைந்துவிட்டன, இன்னும் வலிக்கிறது.

வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இரவல் வேண்டாம். உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துக்கொள்கிறேன். ஞாயிறு என்றால் வசதி. அப்புறம், வலமிருந்து இடமாகப் படிக்கும் மாங்காவில் எனக்கு இன்னும் கண் பழகவில்லை. எதில் தொடங்கலாம்?