'ஜிப்ஸி' இசைநாடகத்தின் உச்சப் பாடல் எது?

நாடகக்கொட்டகை:
'ஜிப்ஸி' 1959 மே 21 அன்று நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அரங்கேறியது. இசை ஜூல் ஸ்டைன், பாடல் வரிகள் ஸ்டீபன் சோண்ட்ஹைம். மகள்களை மேடை நட்சத்திரங்களாக்கியே தீருவேன் என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலையும் ரோஸ் என்ற தாயின் கதை. இறுதியில் அவள் பாடும் 'ரோசஸ் டர்ன்'தான் இதன் உச்சம் என்று எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய மெட்டுகளின் துண்டுகளை ஒட்டி, நடிகைக்குக் கைதட்டல் வாங்கித் தர எழுதியது அது. யாராவது அதை முணுமுணுத்துக் கேட்டதுண்டா? முதல் பாகம் முடியும்போது வரும் 'எவ்ரிதிங்ஸ் கமிங் அப் ரோசஸ்' அப்படியல்ல. ரோசாக முதலில் நடித்த எத்தல் மெர்மனின் வெண்கலக் குரலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மெட்டு அது.

மூன்றாம்மணி:
அளவெடுத்துத் தைத்ததா? அந்த மெட்டு 1947இல் 'ஹை பட்டன் ஷூஸ்' நாடகத்துக்காக ஸ்டைன் போட்டு, அங்கே வெட்டப்பட்டுக் கிடந்தது ஐயா! மெர்மனுக்கு வந்தது பழைய சரக்குதான்.

'ரோசஸ் டர்ன்' துண்டுகளால் ஆனது என்பது குறையா? வளர்த்த மகளே 'இனி நீ தேவையில்லை' என்று சொல்லிவிட்ட பிறகு, ஆளில்லாத மேடையில் நிற்கிறாள் ரோஸ். அதுவரை அவள் பாடியவையெல்லாம் உருக்குலைந்து அவள் வாய்க்கே திரும்பி வருகின்றன. அம்மா என்று பொருள்படும் 'மாமா' என்ற ஒரு சொல்லில் திக்கித் திக்கி நிற்கிறாள். முழு மெட்டாக அழகாகப் பாடிவிட்டால் அங்கே என்ன மிச்சமிருக்கும்?

நாடகக்கொட்டகை:
மெட்டு எங்கிருந்து வந்தால் என்ன, எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். ரயில் நிலையம். நட்சத்திரமாக வளர்த்த ஜூன் யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்று கடிதம் வருகிறது. இனியாவது இந்த அலைச்சல் தீரும் என்று ரோசின் காதலர் ஹெர்பியும் இன்னொரு மகள் லூயிசும் நினைக்கும் நேரத்தில், ரோஸ் லூயிஸ் பக்கம் திரும்பி, உன்னை நட்சத்திரமாக்குகிறேன் என்று பாடத் தொடங்குகிறாள். பாட்டில் குதூகலம் பொங்குகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் பேயறைந்ததுபோல் நிற்கிறார்கள்.

மூன்றாம்மணி:
அப்படியானால் நீங்கள் புகழ்வது காட்சியை. பாட்டு தன் காலில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு மட்டும்தானா?

ஒத்திகை:
இருவரும் ரோசையே சுற்றி வருகிறீர்கள். 'லெட் மீ என்டர்டெய்ன் யூ'வை எப்படி மறந்தீர்கள்? தொடக்கத்தில் இரண்டு சிறுமிகள் கீச்சுக்குரலில் பாடும் குழந்தைப் பாட்டு அது. ஜூன் வளர்ந்த பிறகும் அதே குழந்தை வேடம், அதே துள்ளல். கேட்கக் கேட்கச் சலிக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். பிற்பகுதியில் ஆடை களையும் நடனம் நடக்கும் பர்லெஸ்க் அரங்கில் லூயிஸ் தயங்கித் தயங்கி நிற்கிறாள். அதே மெட்டு வேகம் குறைந்து வருகிறது. ஒரு கையுறையைக் கழற்றுகிறாள், அவ்வளவுதான். 'உங்களை மகிழ்விக்கிறேன்' என்ற அந்த மழலை வரிக்கு இப்போது வேறு பொருள். மேடைத் தொழிலைப் பற்றி இந்த நாடகம் சொல்வது முழுக்க அந்த ஒரு மெட்டின் பயணத்தில் இருக்கிறது. உங்கள் இரண்டு பாட்டுக்கும் மெர்மன் போன்ற தொண்டை வேண்டும், இதற்கு வேண்டாம். 1962 திரைப்படத்தில் ரோசாக நடித்த ரோசலிண்ட் ரஸ்ஸலின் பாடல்களில் பெரும்பகுதிக்கு லிசா கர்க் குரல் கொடுக்க வேண்டியிருந்தது, தெரியுமல்லவா?

கடைசிவரிசை:
உங்கள் மூவருக்கும் சிரிக்கவே வராதா? 'யூ காட்டா கெட் எ கிம்மிக்' பாட்டில் மூன்று பர்லெஸ்க் நடனக்காரிகள் லூயிசுக்குத் தொழில் ரகசியம் சொல்லித் தருகிறார்கள். ஒருத்தி டிரம்பெட் ஊதிக்கொண்டே ஆடுகிறாள், ஒருத்தியின் உடையில் விளக்குகள் எரிகின்றன, இன்னொருத்திக்குப் பாலே. எந்த ஊரில் போட்டாலும் அரங்கம் அதிரும்.

நாடகக்கொட்டகை:
சிரிப்புக்கு அது சரி. உச்சம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாம்மணி:
1974இல் ஆஞ்சலா லான்ஸ்பரி ரோசாக நடித்த மறுமேடையேற்றத்தைப் பற்றிப் படித்துப் பாருங்கள். 'ரோசஸ் டர்ன்' முடிந்து கைதட்டல் அடங்கிய பிறகும் அவர் குனிந்து வணங்கிக்கொண்டே இருந்தார். அந்தக் கைதட்டல் ரோசின் தலைக்குள் மட்டும் கேட்டது என்று அப்போதுதான் பார்வையாளருக்கு உறைத்தது. நீங்கள் 'கைதட்டல் வாங்கித் தர எழுதியது' என்று தள்ளிய பாட்டு, தட்டிய கைகளையே கூசவைத்துவிட்டது.

நாடகக்கொட்டகை:
வணங்கியது நடிப்பு. நான் கேட்டது பாட்டு.

கடைசிவரிசை:
இப்படியே போனால் திரை விலகுமுன் வாத்தியக்குழு வாசிக்கும் முகப்பிசைக்கு ஓட்டுப் போட்டுவிடுவேன். அந்த டிரம்பெட்டுக்கு ஈடாக உங்களில் எவர் பாட்டு நிற்கும், சொல்லுங்கள்.