முழங்கால் வலி உள்ள அப்பாவைச் சமணர் மலைக்குக் கூட்டிப்போகலாமா?

எல்லிஸ்நகர்_மகள்:
அப்பாவுக்கு 64 வயது. ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் இடது முழங்கால் படுத்தும். ஞாயிறு அந்த மலை இருக்கிற, மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடிக்குப் போகலாம் என்றிருக்கிறோம். எட்டு மணிக்குக் கிளம்பினால் சரியா?

நாகமலைக்காரன்:
எட்டு மணி வேண்டாங்க. முழுக்க மொட்டைப்பாறை, பத்து மணிக்கெல்லாம் தோசைக்கல்லாகிவிடும். நான் ஆறு மணிக்கே தாமரைக்குளத்துப் பக்கம் வண்டியை நிறுத்திவிடுவேன். அய்யனார் கோயிலுக்குப் பின்னால் பாறையிலேயே வெட்டின படி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. மலைமேல் பேச்சிப்பள்ளம் என்கிற இடம் வரை நின்று நின்று போனாலும் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஒரு சுனை. அதை ஒட்டின பாறையில் மகாவீரர், படமெடுத்த பாம்புக்குக் கீழே பார்சுவநாதர், பாகுபலி என்று வரிசையாகச் சமணச் சிற்பங்கள். அடியில் வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து. 9, 10ஆம் நூற்றாண்டு வேலை, வெயில் சாய்வாக விழும்போது பார்க்கணும்.

ஏறுவது ஒன்றுமில்லை, இறங்குவதுதான் சங்கதி. போன வருஷம் தேய்ந்த ரப்பர் செருப்போடு போனேன். பாறைமேல் கிடந்த பொடிமணல் வாரிவிட்டது. நாலு படி உட்கார்ந்தபடியே இறங்கினேன், பேண்ட் போச்சு. அப்பாவுக்குப் பிடிமானமுள்ள செருப்பு போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கட்டும்.

வைகைக்கரை:
முதலில் செட்டிப்புடவு என்கிற குகைக்குப் போங்கள். மலையின் தென்மேற்குப் பக்கம், கொஞ்சம் படிதான், காலையில் நிழலாகவும் இருக்கும். பெரிய மகாவீரர் உட்கார்ந்திருப்பார். நீளக் காதைப் பார்த்துச் செட்டியார் என்று ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டதால் அந்தப் பெயர். குகைக்குள் குனிந்து போய் மேலே பாருங்கள்: சிங்கத்தின் மேல் ஒரு பெண் தெய்வம், எதிரே யானைமேல் வீரன். நிறையப் பேர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அங்கேயே அப்பாவுக்கு வலித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லிஸ்நகர்_மகள்:
போய்வந்தாச்சு! செட்டிப்புடவோடு போதும் என்றேன், கேட்கவில்லை. பேச்சிப்பள்ளம் வரை வந்து சுனையோரம் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் நான் மட்டும் போனேன். இடிந்த கோயிலின் அடித்தளமும் விளக்குத்தூணும் இருக்கின்றன, பக்கத்துப் பாறையில் கன்னட எழுத்து. மதுரையில் கன்னடமா என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். திரும்பி வந்தால், அப்பா யாரோ காலேஜ் பையன்களுக்குப் பக்கவாட்டில் இறங்குவது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். நாகமலைக்காரன் அண்ணா, உங்கள் பேண்ட் கதையும் அதில் உண்டு, மன்னிக்கவும்.

வீட்டில் அம்மா செட்டிப்புடவு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "காது அப்படியே உங்கப்பா காதுடி" என்கிறார்.