16 மணி நேர விரதமும் சர்க்கரை மாத்திரையும்

எனக்கு டைப் 2 சர்க்கரை, எடையும் அதிகம். மூன்று வாரமாக 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறேன். 2 கிலோ இறங்கியதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் முந்தாநாள் காலை பதினோரு மணிக்குக் கை நடுங்கி, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டது. விரலில் குத்திப் பார்த்தால் 64! 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். கால் மணி நேரத்தில் சரியானது, பயம்தான் இன்னும் போகவில்லை.

மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் போடுகிறேன். இது நாம் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. இப்போதைக்கு விரதத்தை நிறுத்திவிட்டேன், வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். இதே மாத்திரையோடு விரதம் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் டாக்டர் அளவைக் குறைத்தாரா, நேரத்தை மாற்றினாரா? அப்புறம், காலைச் சாப்பாட்டை விட்டீர்களா, ராத்திரியையா? சொன்னால் அவரிடம் கேட்கக் குறித்துக்கொண்டு போவேன்.