கருமாடிக்குட்டனும் ஆலப்புழா படகும்: போனவர்கள் எழுதுங்கள்

நெல்லை_பயணி:
போட் ஹவுஸ், கரிமீன் கதையெல்லாம் எல்லோரும் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது ஆலப்புழா பக்கத்துக் கருமாடியில் இறங்கியதைப் பற்றி மட்டும். கருமாடிக்குட்டன் என்று கூப்பிடுகிற கருங்கல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார், இடது பக்கம் அப்படியே இல்லை. யானை உடைத்தது என்றார் படகோட்டிச் சேட்டன். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டுக் கும்பிட்டார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவர் அம்மா இங்கேதான் தூக்கி வருவாராம். என் பெண் சத்தமாகவே கேட்டாள்: "சாமிக்கே பாதி உடம்பு இல்லையேப்பா, நம்மள எப்படிச் சரி பண்ணும்?" சேட்டனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். சிரித்தார், பதில் சொல்லவில்லை. இன்ஜினைப் போட்டுவிட்டார்.

கோவை_வாசகி:
எனக்குக் கருமாடியை விடப் பல்லனைதான் மறக்கவில்லை. கொல்லத்திலிருந்து ஆலப்புழா வரும் அரசுப் படகில் போனேன். பாதிப் பேர் தூக்கம். பக்கத்தில் இருந்த பெரியவர் திடீரென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கவிதை சொல்ல ஆரம்பித்தார். மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் கவிதையாம். 1924 ஜனவரியில் ஆசான் ஏறிய 'ரிடீமர்' படகும் கொல்லத்திலிருந்து ஆலப்புழாவுக்குத்தான் வந்திருக்கிறது. இரவில் பல்லனையாற்றில் கவிழ்ந்து அவர் இறந்த இடம் இதுதான், அவர் நினைவாகக் குமாரகோடி என்கிறார்கள். நாங்கள் அதே வழியில் முறுக்கு தின்றுகொண்டு போய்க்கொண்டிருந்தோம். பெரியவர் முடித்துவிட்டு உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவுதான். ஊர் வந்த பிறகும் மனசு கேட்கவில்லை.

மார்த்தாண்டம்_மாமா:
தம்பி, யானை உடைத்தது என்பது ஊர்க்கதை, ஆதாரம் கிடையாது. சிலை பக்கத்துத் தோட்டில் (சின்னக் கால்வாயில்) கிடந்ததாகவும், 1930களில் கொச்சித் துறைமுகத்தைக் கட்டிய ராபர்ட் பிரிஸ்டோ அதைப் பார்த்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்ததாகவும் சொல்வார்கள். நானும் பார்த்திருக்கிறேன், வெயில் தாங்காமல் சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.
இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயம். கருமாடியில் நிறுத்த வேண்டும் என்றால் பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், ஏறின பிறகு கேட்டால் "அங்கே போகாது சாரே" என்பார்கள். பெரிய போட் ஹவுஸ் குறுகிய தோடுகளுக்குள் நுழையாது, ஷிகாரா என்கிற சின்னப் படகை எடுங்கள். மீனவர்கள் வலை விரிப்பார்கள் என்பதால் போட் ஹவுஸை மாலையிலேயே கரையில் கட்டிவிடுவார்கள், ராத்திரி மிதந்துகொண்டே தூங்கலாம் என்று கனவு காணாதீர்கள். ஆகஸ்டில் நேரு டிராபி வள்ளம்களி (படகுப் போட்டி) நாளில் அது நடக்கும் புன்னமடை ஏரிப் பக்கமே தலைவைக்காதீர்கள். படகே வேண்டாம் என்றால் அம்பலப்புழாவிலிருந்து ஆட்டோ போதும், கொஞ்ச தூரம்தான். அந்த எட்டு மணி நேரக் கொல்லம் படகு மட்டும் வேண்டவே வேண்டாம், போரடித்துவிடும். அதுவும் எப்போதும் ஓடுவதில்லை, விசாரித்துவிட்டுப் போங்கள்.

கோவை_வாசகி:
மாமா, வெயில் தாங்காமல் கிளம்பினவர் எங்களுக்குப் போரடிக்கும் என்று தீர்ப்பு எழுதுவதா? கொல்லத்து அஷ்டமுடி ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று கக்கா (சிப்பி) அள்ளுகிறவர்களைப் பார்த்ததிலேயே எனக்கு முதல் ஒரு மணி நேரம் போய்விட்டது. ஆட்டோவில் வந்தால் பல்லனை வழியில் வராது.

மதுரைக்காரி:
அம்பலப்புழா கோயில் பால்பாயாசம் மதியத்துக்கு அப்புறம் போனாலும் கிடைக்குமா? மாமா, நீங்களே சொல்லுங்கள்.