மைதான இசை நிகழ்ச்சிகளில் பாட்டைக் கேட்க வழி உண்டா?

கேள்வி: கோணமலை இரசிகன்

அன்பர்களுக்கு வணக்கம். அண்மைக் காலமாக இசை நிகழ்ச்சியும் விளையாட்டுப் போட்டியும் வேறுபாடு தெரியாத அளவுக்கு நெருங்கி வருவதைக் கவனித்து வருகிறேன். கிரிக்கெட் போட்டியில் ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே சினிமாப் பாடல் முழங்குகிறது. இசை நிகழ்ச்சியிலோ பாடகர் மேடையேறும் முன்பே வாணவேடிக்கையும் பேராரவாரமும் இறுதியாட்டத்துக்குரிய பதற்றமும் வந்துவிடுகின்றன. முதலாவதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. இரசிகர்களோடு இருந்து வாத்தியம் முழக்கும் பப்பரே குழுவின் ட்ரம்பெட் ஒலி இல்லாத இலங்கை மைதானத்தை என்னால் எண்ணிப்பார்க்க இயலாது. பல தசாப்தங்களாகக் கொடியோடு நின்று அணியை உற்சாகப்படுத்திய பேர்சி அபேசேகர 2023 ஒக்டோபரில் மறைந்தபோது, சிறந்த வீரர் ஒருவரை இழந்ததைப் போன்றே நான் வருந்தினேன். 2024 ஜூலை 28 அன்று தம்புள்ளையில் நடந்த மகளிர் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சமரி அத்தபத்துவின் இலங்கை அணி இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாகக் கிண்ணத்தை ஏந்தியபோது, தொலைக்காட்சியின் முன்னிருந்த எங்கள் வீட்டிலும் அதே ஆரவாரம் எழுந்தது. ஆட்டத்தை அனுபவிக்கக் கண் போதும். சத்தம் அதைக் கெடுப்பதில்லை.

பாட்டு அப்படியல்ல. மைதானத்தில் நடக்கும் பெரிய நிகழ்ச்சிகளில் பல்லவியின் முதற்சொல் வெளிவந்தவுடன் கூட்டம் முழுவதும் பாடத் தொடங்கிவிடுகிறது. எஞ்சிய இடத்தைத் தாழ்சுருதி ஒலிபெருக்கிகளின் அதிர்வு நிரப்பிவிடுகிறது. சரணத்துக்கு முன்வரும் புல்லாங்குழலும் வயலினும் யாருடைய காதிலும் விழாமலே போய்விடுகின்றன. ஒரு பாடகர் தம் குரலை எங்கே தளர்த்துகிறார், எந்தச் சொல்லில் மூச்செடுக்கிறார், ஒலித்தட்டில் பாடிய சங்கதியை, அதாவது ஓர் அடியின் மெட்டு நெளிவை, மேடையில் எப்படி மாற்றுகிறார் என்பவற்றுக்காகவே நான் நேரில் கேட்கப் போகிறேன். அந்த இன்பம் கிடைக்காவிட்டால் வீட்டில் கேட்டதற்கும் அங்கே போனதற்கும் எனக்கு வேறுபாடு இல்லை.

கூட்டம் பெருகுவதில் ஆபத்தும் உண்டு. 2023 செப்டெம்பர் 10 அன்று சென்னையில் நடந்த ஏ.ஆர்.ரகுமானின் நிகழ்ச்சியில், நுழைவுச்சீட்டு வைத்திருந்த பலர் நெரிசலால் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அத்தகையோர் தங்கள் சீட்டின் பிரதியை அனுப்புமாறு அவர் பின்னர் கேட்டுக்கொண்டார். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாட வந்திருந்தபோது கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னே வந்ததால் நிகழ்ச்சியைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஜூன் 4 அன்று பெங்களூருவில் ஐ.பி.எல். வெற்றிக் கொண்டாட்டத்துக்காகக் கூடியவர்களில் 11 பேர் நெரிசலில் உயிரிழந்தார்கள்.

இவற்றுக்கு நேர்மாறாக, 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை ஓர் அரங்கினுள் வாசித்தது. யாழ்ப்பாணத்தில் இந்திய உதவியுடன் எழுந்த பண்பாட்டு மையத்தில் 600 பேர் அமரக்கூடிய அரங்கு இருக்கிறது. திருகோணமலையில் இசைக்கென்றே ஒலி வடிவமைப்புச் செய்யப்பட்ட அரங்கு எதிலும் நான் அமர்ந்து கேட்டதில்லை. பாடசாலை மண்டபங்களும் மைதானங்களுமே நமக்கு வாய்த்திருக்கின்றன. கொழும்புக்குப் போவதென்றால் இரவுப் புகையிரதமும் தங்குமிடமும் சேர்ந்து நுழைவுச்சீட்டைவிடக் கூடுதலான செலவாகிவிடுகிறது.

ஆகவே என் கேள்வி இதுதான். நாளை திருகோணமலை மக்கெய்சர் மைதானத்துக்கு ஒரு பெரிய இசை நிகழ்ச்சி வருமானால், அங்கே பாட்டைப் பாட்டாகக் கேட்பதற்கு வழி உண்டா? அல்லது மைதானத்தில் அமைதியாகக் கேட்க விரும்புவதே நியாயமற்ற எதிர்பார்ப்பா?

பதில்: உப்புவெளி வாசகி

அண்ணா, உங்கள் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கூட்டம் சேர்ந்து பாடுவதைக் குறையாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. சினிமாப் பாடல் மேடைக்கு வருவதற்கு முன்பே எங்கள் வீடுகளிலும் பேருந்துகளிலும் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டது. எஸ்.பி.பாலசுப்பிரமணியம் 2020 செப்டெம்பரில் மறைந்த பிறகு, அவருடைய பாடல்களை உள்ளூர் இசைக்குழுக்கள் மேடையில் பாடும்போதெல்லாம், முன்வரிசையில் இருக்கும் அம்மாக்கள் கண்கலங்கியபடி கூடவே பாடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை மௌனமாக இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. தனியாகக் கேட்டுக் கேட்டு மனத்தில் வைத்திருந்த பாடலை, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோரும் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்பது தெரியவரும் அந்தக் கணத்துக்காகவே நான் போகிறேன்.

விளையாட்டின் சாயல் இசைக்குள் வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னது தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்கே அதிகம் பொருந்தும். 2023 டிசெம்பரில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா சரிகமப போட்டியில் வென்றபோது, நம்முடைய அணி கிண்ணத்தை வென்ற மகிழ்ச்சி இங்கேயும் எழுந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை பாடிய ஒவ்வொரு வரியையும் வீட்டிலிருந்தவர்கள் மூச்சடக்கித்தான் கேட்டார்கள். உற்சாகத்துக்கும் கேட்பதற்கும் பகை இல்லை.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பெண்களும் குழந்தைகளும் வரும் நிகழ்ச்சியில், உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனியாக இருக்கின்றனவா, கழிப்பறைக்குப் போகும் பாதையில் வெளிச்சம் இருக்கிறதா, நிகழ்ச்சி முடிந்ததும் நிலாவெளி, மூதூர், கிண்ணியா போன்ற இடங்களுக்குத் திரும்பப் பேருந்து கிடைக்குமா என்பவற்றை அறிவித்த பின்பே ஏற்பாட்டாளர்கள் சீட்டு விற்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பதில் தெரியாததால் வீட்டிலேயே தங்கிவிடும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

பதில்: ஒலிமேசைக்காரன்

கோயில் திருவிழாக்களிலிருந்து மெல்லிசை நிகழ்ச்சிகள் வரை ஒலியமைப்பு வேலை செய்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். மைதானத்தில் சொற்கள் கேட்காமல் போவதற்குக் கூட்டத்தின் ஆரவாரத்தைவிட ஒலிபெருக்கிகளை வைக்கும் முறையே பெரும்பாலும் காரணமாகிறது.

ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 345 மீற்றர் செல்கிறது. எனவே மேடையிலிருந்து 70 மீற்றர் தொலைவில் நிற்பவருக்குப் பாடகரின் குரல் ஒரு விநாடியின் ஐந்திலொரு பங்கு தாமதித்தே போய்ச் சேரும். பின்னால் நிற்பவர்களுக்காக நடு மைதானத்தில் இன்னொரு ஒலிபெருக்கிக் கோபுரத்தை நிறுத்தினால், அதன் ஒலியையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்தி விடவேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால், அருகிலுள்ள கோபுரத்தின் ஒலி முதலிலும் மேடையின் ஒலி அடுத்தும் வந்து ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும், தாளமும் குழம்பிவிடும். செலவைக் குறைப்பதற்காக நடுக் கோபுரத்தையே தவிர்த்துவிட்டு, மேடையின் இருபுறமும் உள்ள ஒலிபெருக்கிகளை இயன்றவரை உரக்க வைப்பது இன்னொரு வழக்கம். சாதாரண ஒலிபெருக்கி ஒன்றின் ஒலி, தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்துவிடும். பின்வரிசைக்குப் போதுமான அளவுக்கு அதை உயர்த்தினால் முன்வரிசையில் இருப்பவர்களின் காது நோகும். அதோடு, ககர தகர சகரங்களைத் தெளிவாக்கும் உயர்சுருதி ஒலிகளைக் காற்று வழியிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. தாழ்சுருதி ஒலி அவ்வளவாகக் குறைவதில்லை. பின்னால் நிற்பவருக்கு டிரம்ஸின் அதிர்வு நெஞ்சில் தெரியும்போதே பாட்டின் சொல் விளங்காமற் போவது இதனால்தான்.

நம்முடைய ஊரில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாடைக் காலத்து மழையில் திறந்தவெளி நிகழ்ச்சி வைக்க இயலாது என்பதால் பெரும்பாலானவை மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரையே நடக்கின்றன. அந்த மாதங்களில் தென்மேற்கிலிருந்து நிலக்காற்று பலமாக வீசுகிறது. காற்று வீசும் திசையிலேயே ஒலியும் சென்றால் அது கீழ்நோக்கி வளைந்து கேட்பவர்களின் காதை அடையும். எதிர்த்துச் சென்றால் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். எனவே மேடையை மைதானத்தின் தென்மேற்குப் பக்கத்தில் நிறுத்துவது நல்லது. வாகனத்தைக் கொண்டுவருவதற்கு வசதியான வாயில் எது என்று பார்த்து மேடையின் இடத்தைத் தீர்மானிப்பதால், எவ்வளவு நல்ல கருவிகளை வாடகைக்கு எடுத்தாலும் பயன் குறைந்துவிடுகிறது. மாலையில் ஒலிச்சோதனை செய்யும்போது மைதானம் வெறுமையாக இருக்கும். ஆட்கள் நிறைந்த பிறகு அவர்களுடைய உடலும் உடையும் ஒலியை உள்வாங்குவதால் அளவுகளைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இதற்கு ஒலிமேசையில் இருப்பவர் நிகழ்ச்சி நடக்கும்போதே மைதானத்தின் பின்புறம் வரை நடந்து கேட்டுவர வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே உங்களுடைய மனக்குறையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

பதில்: தம்பலகாமத்தான்

தம்பி, திறந்தவெளியில் ஊன்றிக் கேட்பது நமக்குப் புதிதல்ல. நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே உருவான வாத்தியங்கள். ஒலிவாங்கி இல்லாமலே வீதியின் கோடி வரைக்கும் கேட்கும். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டை இராகத்தில் மல்லாரி என்னும் புறப்பாட்டு இசை எழுந்தால், கதை பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் நாள்களில், சந்தியில் சுவாமியை நிறுத்தித் தவில் வித்துவான்கள் மாறி மாறி வாசிக்கும்போது, சுற்றிலும் நிற்பவர்கள் விரல்விட்டுத் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்து, தீர்மானம் என்னும் முடிவுத் தாளக்கோவையை வைத்து முடித்த பின்பே ஆரவாரிப்பார்கள். எங்கே மௌனம், எங்கே கைதட்டல் என்பதை யாரும் அறிவித்ததில்லை. வாசிப்பவரே அதைக் கேட்பவர்களுக்குப் பழக்கிவிடுகிறார். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலையும் அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். திருஞானசம்பந்தர் நம் ஊர்க் கோயிலைப் பாடிய பதிகமே கழலும் சிலம்பும் ஒலிப்பதில் தொடங்கிக் கடலின் ஓசையோடு நடக்கிறது.

ஆகவே பொறுப்பு மேடையில் இருப்பவருக்கே அதிகம் என்பது என் எண்ணம். முதற்பாட்டிலிருந்தே துள்ளலைக் கொடுத்து, கையை உயர்த்துங்கள், சத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேயிருக்கும் பாடகர், நடுவில் மெல்லிய பாட்டொன்றைத் தொடங்கும்போது கூட்டம் சட்டென்று அடங்கிவிடாது. வாத்தியக்காரர்களை மட்டும் வைத்து முதலில் சில நிமிடம் வாசிக்கவிட்டு, பிறகு குரல் சேர்ந்தால், எவ்வளவு பெரிய கூட்டமும் காது கொடுக்கும். நகர்வலத்திலும் இப்போது மின்பிறப்பாக்கியின் இரைச்சலும் தெருமுனை ஒலிபெருக்கிகளும் நாதஸ்வரத்தை மூடிவிடுகின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம். கோயில் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பதில்: பழைய பொப் இரசிகை

பெரிய நட்சத்திரங்கள் வரும் நாளை மட்டும் ஏன் எதிர்பார்க்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. பொப் பாடகர்களான ஏ.ஈ.மனோகரனும் நித்தி கனகரத்தினமும் புகழோடு இருந்த காலத்தில், நம் ஊரிலிருந்தே பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் பொப் இசையில் பெயர் பெற்றார்கள். அந்தப் பாட்டுகளுக்குக் கித்தாரும் பொங்கோவும் போதுமாக இருந்தன. சொல் ஒவ்வொன்றும் கேட்கும். கேட்டவுடன் சிரிப்பதும், திரும்பவரும் அடியைச் சேர்ந்து பாடுவதும் பாட்டின் அமைப்பிலேயே இருந்தன. உப்புவெளித் தங்கை சொன்ன இன்பமும் நீங்கள் கேட்கும் தெளிவும் அந்தச் சிறிய மேடைகளில் ஒன்றாகவே கிடைத்தன. இன்றைய பிள்ளைகளில் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுவோருக்கு முந்நூறு கதிரைகளோடு மாதமொரு மாலையை ஒதுக்கினால் அதே சூழல் மீண்டும் உருவாகும்.

பதில்: மைதானத்து ஆட்டக்காரன்

நான் உதைபந்தாட்டக்காரன், ஒரு வேண்டுகோளை மட்டும் வைக்கிறேன். பாரவண்டியைப் புல்தரைக்கு நேரே ஓட்டிவந்து மேடை கட்டினால், அந்தச் சக்கரத் தடங்களில் கால் பிசகி வீரர்கள் மாதக்கணக்கில் ஆட முடியாமற் போகிறது. பலகை விரித்து வண்டியைக் கொண்டுவாருங்கள். சுற்றுப்போட்டி நடக்கும் வாரங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள். முடிந்தபின் ஆணிகளையும் போத்தல் துண்டுகளையும் பொறுக்கிவிட்டுப் போங்கள். மற்றபடி மைதானத்தில் பாட்டு நடப்பதை நாங்களும் விரும்புகிறோம்.

கோணமலை இரசிகன்

அனைவருக்கும் நன்றி. தங்கை சொன்ன அம்மாக்களைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். அவர்களும் பாடட்டும், எனக்குப் புல்லாங்குழலும் கேட்கட்டும். ஒலிமேசைக்கார ஐயாவிடம் மேலும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். மேடைக்கு மிக அருகிலுள்ள விலை கூடிய இருக்கையில் அமர்ந்தால் குரல் தெளிவாகக் கேட்குமா?

ஒலிமேசைக்காரன்

அவசியமில்லை. மேடையின் நேர் முன்னே இருப்பவர்களுக்குப் பாடகரைவிடத் தாழ்சுருதிப் பெட்டிகளே அருகில் இருக்கும். ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கத்து ஒலிபெருக்கி மட்டுமே கேட்கும். நாங்கள் ஒலியைக் கலப்பது மைதானத்தின் நடுக்கோட்டில், மேடையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்திருக்கும் மேசையில் இருந்துதான்; எங்கள் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதையே எல்லாருக்கும் அனுப்புகிறோம். அந்த மேசைக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ உள்ள இருக்கையை வாங்குங்கள்; பெரும்பாலும் அதன் விலையும் குறைவாகவே இருக்கும்.