ஆல்டேர் 8800: விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை, அப்புறம் ஏன் அத்தனை பேர் வாங்கினார்கள்?

கருப்புத்திரை:
தனிநபர் கணினியின் கதையை எங்கே படிக்கத் தொடங்கினாலும் 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டைப்படத்தில் வந்து நிற்கிறது. ஆல்டேர் 8800, விலை 397 டாலர், உதிரிபாகங்களாகத்தான் வரும், வாங்கியவரே பற்றவைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நினைவகம் 256 பைட், அதாவது சுமார் 256 எழுத்துகள் கொள்ளும் இடம். முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். அதைச் செய்த எம்ஐடிஎஸ், அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த சின்ன நிறுவனம். சில நூறு விற்றாலே கரையேறிவிடலாம் என்றுதான் அதன் தலைவர் எட் ராபர்ட்ஸ் கணக்குப் போட்டிருந்தார், ஆனால் ஆர்டர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஒரு எழுத்தைக்கூடக் காட்டாத பெட்டிக்கு ஏன் இப்படி அடித்துக்கொண்டார்கள்? இதை ஹேக்கர்கள் (திருடர்கள் அல்ல, கணினியை ஆசைக்காகக் குடைந்து பார்ப்பவர்கள்) கொண்டுவந்த மாற்றம் என்பது சரியா, இல்லை சிப் விலை இறங்கியதால் எப்படியும் நடந்திருக்குமா?

துளைநாடா:
அதற்கு முன்பு கணினியை யார் தொட முடிந்தது என்று பாருங்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த ஐபிஎம் 704 என்ற பெரிய கணினிக்கு அட்டைகளில் நிரலைத் துளையிட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், இயந்திரத்தை இயக்குபவர்கள் வேறு ஆட்கள், ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் விடை வரும்போதுதான் தெரியும். 1958இல் அங்கே டிஎக்ஸ்-0 என்ற கணினி வந்தது. அதன் எதிரிலேயே உட்கார்ந்து தட்டலாம், பிழை வந்தால் அங்கேயே திருத்தலாம். மாதிரி ரயில் சங்கத்தில் தண்டவாளத்துக்கு அடியில் ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை) இணைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் அதைவிட்டு நகரவே இல்லை, யாரும் பதிவு செய்யாத நள்ளிரவு நேரங்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

1961இல் பிடிபி-1 என்ற கணினி வந்தது, அடுத்த ஆண்டே ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் ஸ்பேஸ்வார் விளையாட்டை எழுதிவிட்டார்கள். அதன் பின்னணியில் நட்சத்திரங்கள் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடந்தது அதே கூட்டத்தைச் சேர்ந்த பீட்டர் சாம்சனுக்குப் பொறுக்கவில்லை. உண்மையான வான் வரைபடத்தைப் பார்த்து, பிரகாசமான நட்சத்திரம் பிரகாசமாகவே தெரியும்படி ஒரு நிரல் எழுதிச் சேர்த்தார். யாரும் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை. எழுதிய நிரல்களைத் துளைகளாகப் பதித்த காகித நாடாக்கள் இழுப்பறையில் கிடக்கும், விருப்பமுள்ளவர் எடுத்து மேம்படுத்தலாம். ஆனால் அந்த இயந்திரத்தின் விலை சுமார் 1,20,000 டாலர்! கணினியோடு இரவெல்லாம் தனியாக உட்கார ஏங்கியவர்களிடம் 397 டாலருக்கு ஒன்று உனக்கே சொந்தம் என்று சொன்னால் திரை எங்கே என்றா கேட்பார்கள்?

எட்டுபிட்:
எழுத்தைக் காட்டவில்லை என்பதால் ஆல்டேர் ஒன்றும் செய்யாத பெட்டி என்று நினைத்தால், அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எட்டு சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்தால் ஒரு பைட், டெபாசிட் சுவிட்சைத் தட்டினால் அது நினைவகத்தில் ஏறும், அடுத்த பைட்டுக்கு மறுபடியும் அதே எட்டு. ஒன்று தவறினாலும் நிரல் எங்கேயோ போய் நின்றுவிடும், மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து. சரி, இப்படி ஏற்றி என்ன கிடைத்தது? ஹோம்ப்ரூ கணினிச் சங்கத்தைக் கேளுங்கள், 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க் ஊரில் கார்டன் ஃபிரெஞ்ச் வீட்டுக் கார் கொட்டகையில் கூடத் தொடங்கியவர்கள். அடுத்த மாதமே ஸ்டீவ் டாம்பியர் தன் ஆல்டேரைக் கொண்டுவந்து, பக்கத்தில் ஒரு சாதாரண ரேடியோவை வைத்துவிட்டு, சுவிட்சுகளில் நிரலை ஏற்றினார். செயலி ஓடும்போது கசியும் ரேடியோ அலைகளால் இரைச்சல் வரும் இல்லையா, அந்த இரைச்சலையே சுரமாக்கி ஒரு பீட்டில்ஸ் பாட்டை வாசிக்கவைத்தார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒலிக்கென்று ஒரு கம்பிகூட இல்லாத இயந்திரம் அது.

வெள்ளிச்சில்லு:
எல்லாம் சரி, ஆனால் ஆசை 1961லேயே இருந்ததே, பெட்டி ஏன் 1975 வரை வரவில்லை? காரணம் சிப்தான். 1971இல் இன்டெல் நிறுவனத்தின் 4004 சிப், அதுவும் ஒரு ஜப்பானியக் கால்குலேட்டர் நிறுவனத்துக்காகத் தொடங்கிய வேலை. 1974இல் அதே நிறுவனத்தின் 8080, ஆல்டேரின் செயலி அதுதான். அதன் பட்டியல் விலை 360 டாலர், ராபர்ட்ஸ் மொத்தமாக வாங்குவதாகப் பேசி 75 டாலருக்கு இறக்கினார். அந்தப் பேரம் படியாமல் போயிருந்தால் 397 டாலருக்கு ஆல்டேர் கிடையாது. 1975லேயே மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 6502 என்ற சிப்பை 25 டாலருக்கு விற்கத் தொடங்கியது, ஹோம்ப்ரூ உறுப்பினர் ஸ்டீவ் வாஸ்னியாக் ஆப்பிள் 1 கணினியைக் கட்டியது அதில்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிப் செய்தவர்கள் அதைப் பெரும்பாலும் கருவிகளுக்குள் வைக்கும் பாகமாகவே பார்த்தார்கள். வாஸ்னியாக் தன் வடிவமைப்பை முதலில் தான் வேலை பார்த்த எச்பி நிறுவனத்திடம்தான் காட்டினார், அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். விலை இறங்கினால் தானாக நடந்திருக்கும் என்பதை அதனால்தான் நான் நம்புவதில்லை.

கருப்புத்திரை:
நன்றி, இப்போது தெளிவாகிறது. எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்ட இந்தக் கூட்டத்தோடு பில் கேட்ஸ் மோதினாரே, அதில் யார் பக்கம் நியாயம்?

துளைநாடா:
கேட்ஸ், பால் ஆலன், மாண்டி டேவிடாஃப் மூவரும் ஆல்டேரில் ஓடும்படி பேசிக் என்ற எளிய நிரல்மொழியை எழுதினார்கள். அப்போது அவர்களிடம் ஆல்டேர் கிடையாது, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 கணினியில் 8080 போல நடிக்கும் ஒரு நிரலை வைத்துச் சோதித்தார்கள். பெரிய சாதனை, அதை மறுக்கவே முடியாது. அதன் நாடா ஒன்று ஹோம்ப்ரூ ஆட்கள் கையில் சிக்கி, நகல்கள் இலவசமாகப் பரவின. 1976 பிப்ரவரியில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார்: ஆல்டேர் வைத்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக்கை வாங்கியிருக்கிறார்கள், வந்த பணத்தைப் பார்த்தால் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று. எழுதியவருக்குக் கூலி வேண்டும் என்பதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் சங்கத்தையே திருடர் கூட்டம் போலப் பேசியது தவறு, வாஸ்னியாக் தன் சுற்று வரைபடங்களை இலவசமாக விநியோகித்ததும் அதே சங்கத்தில்தானே. டாம் பிட்மன் என்பவர் 6800 சிப்புக்கு ஒரு குட்டி பேசிக் எழுதி 5 டாலருக்கு விற்றார், வாங்கினார்கள், நண்பரிடம் நகலெடுத்த ஒருவர்கூடத் தானாகவே 5 டாலரை அனுப்பிவைத்தார்.