புதுப்பிப்பு: அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை, காலையில் அடுக்குத் தும்மல் – தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. படுக்கையறை அலமாரியின் பின்சுவரில் கரும்பூஞ்சை, விடிந்தால் தும்மல், மூக்கடைப்பு என்று கேட்டிருந்தேன். பலித்தது "பூஞ்சையை விடுங்க, ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க" என்ற பதில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் இணைப்பில் கசிவு. அதை அடைத்து, உப்பிய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி, நன்றாகக் காய்ந்தபிறகே மறுபூச்சு. பிளீச்சிங் கறையைத்தான் வெளுக்கும்; உள்ளே ஊறியது திரும்ப வரும்.

சுரண்டுமுன் தண்ணீர் தெளித்து, என்95 முகக்கவசம் போட வேண்டும். காய்ந்த துணியால் துடைத்தால் பூஞ்சை வித்துகள் அறை முழுக்கப் பறக்கும்.

எதிர்பாராதது: சுவர் காய்ந்தும் தும்மல் நிற்கவில்லை. அலமாரியின் பின்பலகை பிளைவுட்டிலும் பூஞ்சை! பலகையை மாற்றியதும் அடங்கியது. அலமாரி இப்போது சுவரைவிட்டு நாலு விரல் தள்ளி. அறைக் காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானி 50 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிறது.

இப்படி ஒவ்வாமைத் தும்மலுக்கு டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே முழுப் பலன் தர ஓரிரு வாரம் ஆகலாம். இரண்டே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.